நகம் பேணுந் தொழிலும் அதற்குரிய பயிற்சியும்

உலகிலுள்ள தொழில்களுள் சிலவற்றை நாம் கலையென மதிக்கின்றோம். சிலவற்றையோ வெறும் கைப்பழக்கமென எண்ணி விடுகின்றோம். மருத்துவம் பயில எத்துணை ஆண்டு வேண்டுமென்று வினவின் சிறுவனும் விடையிறுப்பான். ஒருவர்தம் கைந்நகத்தையும் கால்நகத்தையும் செப்பஞ் செய்ய எத்துணை நாள் பயிலுதல் வேண்டுமென்று வினவினாலோ, கற்றோரும் நகைப்பர். யானும் ஒருகால் அங்ஙனம் நகைத்தவனே. அந்நகைப்பினால் விளைந்த தீங்கைக் கண்ணாரக் கண்டபின் என்னுள் எழுந்த கருத்துக்களையே நம் கல்லூரி இதழின் வாயிலாக மாணவ மாணவியர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைக்கத் துணிகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன்னர், என்னிடம் வேதியியல் பயின்று பட்டம் பெற்ற மாணவி ஒருத்தி ஒரு விளம்பரத்தாளுடன் என்னைக் காண வந்தாள். "ஐயா, நக அலங்காரத் தொழில் கற்கலாமென்று இருக்கிறேன். மூன்று நாளில் கற்பித்துச் சர்வதேசச் சான்றிதழும் தருகிறார்களாம். சேரலாமா?" என்று கேட்டாள். "இதற்கும் ஒரு படிப்பா, அம்மா? மூன்று நாளே மிகுதியாயிற்றே!" என்று கூறி அவளை அனுப்பி விட்டேன். அவள் தன் தாயாரின் சங்கிலியை ஈடு வைத்துக் கட்டணஞ் செலுத்திச் சேர்ந்தாள். பின்னர் ஓர் அழகு நிலையத்தில் பணியும் பெற்றாள். எட்டுத் திங்கள் கழித்து மீண்டும் வந்தபோது, அவளுடைய விரல் நுனிகள் சிவந்து, தடித்து, வெடித்திருந்தன. அஃது அக்ரிலேட் இனப் பொருள்களால் விளைந்த ஒவ்வாமையென்றும், ஒருமுறை உண்டாயின் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காதென்றும், பற்குழி அடைக்கும் பொருள்கள் சிலவற்றிலும் அவ்வினமே உண்டாதலின் பல் மருத்துவரிடம் செல்லும்போது இதனைச் சொல்ல வேண்டுமென்றும் தோல் மருத்துவர் கூறினாராம். அவள் அத்தொழிலை விட்டாள். இன்று துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதுகின்றாள். அதில் இழிவொன்றுமில்லை. ஆயினும், கை நடுங்காது மயிரிழை போலக் கோடிழுக்கும் திறன் அவள்பால் இருந்தது, அது வீணாயிற்று. வேதியியல் கற்பித்த யானன்றோ அப்பொருளின் இயல்பை அன்றே அவட்கு உரைத்திருக்க வேண்டும்?

நிற்க. நகமென்பது யாது? அது கெராட்டின் என்னும் கடின புரதத்தாலான தகடு. கண்ணுக்குப் புலனாகும் அத்தகட்டிற்கு உயிரில்லை. ஆயின் அது தோன்றும் வேர்ப்பகுதி, தோலினடியில் உயிருடன் இருப்பது. நகத்தின் அடியிற் காணும் வெண்பிறை அவ்வேரின் வெளிப்பகுதியே. கைந்நகம் திங்களொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கின்றது. ஒரு நகம் முற்றிலும் புதிதாக ஏறத்தாழ ஆறு திங்களாகும். கால்நகத்திற்கோ ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். வேரைச் சிதைத்தால் நகம் என்றுமே கோணலாய் வளர்தல் கூடும். நகத்தையும் தோலையும் இணைக்கும் மெல்லிய தோல் வெளியிலுள்ள கிருமிகளை உட்புகாது தடுக்கும் காவல். அழகின் பொருட்டு அதனை வெட்டியெறியின் நகச்சுற்று தோன்றும். இவையெல்லாம் அறியாதவர் கையில் அரமும் கத்தரியும் கொடுப்பது தகுமோ?

இனி, செயற்கை நகத்தின் இயல்பைக் காண்போம். இப்பொழுது பெரிதும் வழங்கும் ஜெல் என்னும் பூச்சு, புற ஊதாக் கதிர் விளக்கின்கீழ் வைத்த அளவில் இறுகுவது. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நெடுஞ்சங்கிலியாதலே இவ்விறுகுதல். முற்றும் இறுகிய பூச்சினால் தீங்கு அரிது. இறுகாத பூச்சு தோலிற் படுவதாலேயே ஒவ்வாமை பிறக்கின்றது. பூச்சைத் தடிப்பாக இடினும், அதற்கு ஒவ்வாத விளக்கைப் பயன்படுத்தினும், காலம் குறையினும், மேலே பளபளத்து உள்ளே இறுகாதிருக்கும். கண்ணுக்கு இவ்வேறுபாடு தோன்றாது. 2018-ஆம் ஆண்டில் பிரித்தானியத் தோல் மருத்துவர் சங்கத்தார் இவ்வொவ்வாமை பெருகுதல் குறித்து மக்களை எச்சரித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் ஹேமா என்னும் பொருள் கலந்த நகப்பூச்சுக்களைப் பயிற்சி பெற்ற தொழிலாளரே கையாள வேண்டுமென 2020-இல் விதித்தது. பூச்சினை இறுக்கத் துணைசெய்யும் டி.பி.ஓ. என்னும் மற்றொரு பொருளை 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து அறவே விலக்கியது. மீதைல் மெதாக்ரிலேட் என்னும் திரவமோ 1970-களிலேயே அமெரிக்க அரசினரின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அதனாலாய நகம் மிகக் கடினமானது; எளிதில் கரையாது; எங்கேனும் இடிபடின், தான் உடையாமல் இயற்கை நகத்தையே படுக்கையினின்று பெயர்த்து விடும்.

இத்தொழில் முறையாகக் கற்பிக்கப்பட்டால் என்ன நன்மை விளையும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1975-ஆம் ஆண்டில் சைகோன் நகர் வீழ்ந்தபின், வியட்நாமினின்று அகதிகளாய்ப் போந்த மகளிர் சிலர் கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நகருக்கு அண்மையிலிருந்த ஒரு முகாமில் தங்கியிருந்தனர். அவர்க்கு உதவச் சென்ற திரைப்பட நடிகை டிப்பி ஹெட்ரன், தையல், தட்டெழுத்து முதலிய தொழில்களைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அம்மகளிரோ அவருடைய நகங்களின் அழகையே வியந்து நோக்கினர். அது கண்ட அவர், தம் நகங்களைப் பேணுபவரையே வருவித்துக் கற்பிக்கச் செய்தார். அருகிலிருந்த அழகுக்கலைப் பள்ளியொன்றின் உதவியையும் நாடினார். இருபது மகளிர் பயின்று, அரசாங்கத் தேர்விலும் தேறி, உரிமம் பெற்றனர். இன்று கலிபோர்னியாவில் இத்தொழில் புரிவோருள் பெரும்பாலோர் வியட்நாமிய மரபினரே. பொருளும் மொழியும் இழந்து வந்த அவர்களை நிலைபெறச் செய்தது இரக்கம் மட்டுமன்று. உரிமம் பெறுதற்குத் தக்க முறையான பயிற்சியுமாம்.

அந்நாட்டில் இதற்குச் சட்டமே துணை நிற்கின்றது. உரிமம் வேண்டுவோர் கலிபோர்னியாவில் 400 மணி நேரமும், நியூயார்க்கில் 250 மணி நேரமும், டெக்சாசில் 600 மணி நேரமும் பயின்று தேர்வெழுதுதல் வேண்டும். நம் மாணவி பயின்ற மூன்று நாளை, நாளொன்றுக்கு ஆறு மணி வீதம் கணக்கிட்டால் 18 மணி! நம் நாட்டிலோ இத்தொழிலினர் இத்துணை மணி பயின்றிருத்தல் வேண்டுமென்று வரையறுக்கும் சட்டம் இல்லை. ஆகவே, சட்டம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பயிலப் புகுவோரே கேட்டுக்கொள்ளுதல் இன்றியமையாததாகின்றது.

அக்கேள்விகள் எவை? முதலாவது, "எப்பொழுது கைவைக்கலாகாது என்பதைக் கற்பிக்கின்றீர்களா?" என்பது. எத்தனை வகைச் சித்திரம் கற்பிப்பர் என்று கேட்பதினும் இது தலையாயது. நகச்சொத்தை உடையார்க்கும், நகத்தின்கீழ்க் காரணமின்றிக் கருங்கோடு தோன்றினார்க்கும் வண்ணம் பூசி மறைத்தல் தகாது. மருத்துவரிடம் அனுப்புதலே கடன். நீரிழிவு உடையாருட் பலர்க்குக் காலில் உணர்ச்சி குன்றியிருக்கும்; வெட்டுண்டதை அவர் அறியார்; சிறு காயமும் ஆறாப்புண்ணாகக் கூடும். நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இதனைக் கற்பியாத பயிற்சி பயிற்சியாகாது. வந்தவரை மறுத்தனுப்பினால் அன்றைய வருவாய் குறையும் என்பது மெய்யே. ஆயினும், மறுக்கத் தெரிந்தவரே தொழில் தெரிந்தவர்.

இரண்டாவது, துப்புரவைப் பற்றியது. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வாட்சன்வில் என்னும் ஊரில் ஒரே நிலையத்திற் கால் பேணிக்கொண்டவருள் நூற்றுக்கு மேற்பட்டார் காலிற் கொப்புளங்களால் வருந்தினர். ஆராய்ந்தபோது, கால் நனைக்கும் சுழல்நீர்த் தொட்டியில், நீரை உள்ளிழுக்கும் வலையின் பின்புறம் மயிரும் தோற்பொடியும் தங்கிக் கிருமிகள் பெருகியிருந்தமை தெரிந்தது. தொட்டியின் வெளிப்புறம் தூயதாகவே இருந்திருக்கலாம். வலையைக் கழற்றிப் பார்த்தாரில்லை. எனவே, பயிற்சிச்சாலைக்குச் சென்றவுடன் கருவிகளை எவ்வாறு தூய்மை செய்கின்றீர் என்று வினவுக. முதலில் சோப்பிட்டுக் கழுவி, பின்னர்க் கிருமிநாசினியில் உரிய நேரம் மூழ்குவித்து, உலோகக் கருவிகளை அழுத்த நீராவியால் தூய்மை செய்வதாகக் கூறின் நன்று. ஒரு துணியால் துடைத்து வைப்போம் என்றால் அங்கு நில்லாது திரும்புக.

மூன்றாவது, யார் கையிற் பயில்வது என்பது. பிளாஸ்டிக்கினாலாய கையில் நகம் ஒட்டிப் பழகுதல் தொடக்கத்திற்கு ஏற்றதே. ஆயின் அக்கை நோவென்று கூறாது, குருதி சிந்தாது. முதியோர் நகம், கடித்துத் தேய்ந்த நகம், வயலிலும் சமையலறையிலும் உழைத்துப் பிளந்த நகம் ஆகியவற்றைத் தொட்டுப் பயின்றாலன்றித் தொழில் கைவராது. ஆசிரியர் ஒருவர்க்கு மாணாக்கர் எத்தனை பேர், அவ்வாசிரியர் தாமே சில ஆண்டு இத்தொழில் புரிந்தவரா என்பனவும் கேட்டறியத் தக்கன.

நான்காவது, பொருள்களைப் பற்றியது. பயிற்சிக்குத் தரும் குப்பிகளின்மேல் கலந்துள்ள பொருள்களின் பட்டியல் உண்டா என்று நோக்குக. கட்டணத்தைக் குறைவாகக் காட்டித் தம் பெட்டியைப் பெருவிலைக்கு விற்பதே நோக்கமாகக் கொண்ட இடங்களும் உள. ஐந்தாவது, சான்றிதழ். "சர்வதேச" என்னும் சொல்லை எவரும் அச்சிடலாம். அதனை வழங்குவது யார், வேலை தருவோர் அதனை மதிக்கின்றனரா என்பனவே பொருட்டு. இறுதியாக, அங்குப் பயின்று ஈராண்டு கழிந்தோர் இருவரைக் கண்டு, இன்னும் தொழிலில் உள்ளனரா என்றும், அவர்தம் கைகள் நலமா என்றும் கேட்க வேண்டும். விளம்பரம் உரையாத உண்மையை அக்கைகள் உரைக்கும்.

"வறியோர் நெடுங்காலம் பயிலுதல் கூடுமோ? மூன்று நாட்பயிற்சியே அவர்க்கு எட்டுவது" என்று சிலர் கூறலாம். இது புறக்கணிக்கத் தக்க தடையன்று. ஆயினும், ஈடு வைத்த சங்கிலியை மீட்குமுன் தொழிலையே இழப்பதினும் பெரிய செலவு யாது? அரசினர் தொழிற்பயிற்சித் திட்டத்தில் அழகுக்கலை ஓராண்டுப் பாடமாக உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறியோர் சேரலாம். கைந்நகமும் கால்நகமும் பேணுதல் அதன் ஒரு பகுதி. அவ்வடிப்படையைப் பெற்றபின் நகக்கலையைத் தனியே சில திங்கள் பயிலுதல் தக்கது. நிலையத்திற் பணிசெய்துகொண்டே கற்றலும் ஒரு வழியே. ஆயின் அதில் விழிப்பு வேண்டும். நியூயார்க்கில் புதிதாய்ச் சேர்ந்தோர் முன்பணம் கட்டி, சின்னாட் கூலியுமின்றி உழைத்தமையை அந்நகர்ச் செய்தித்தாளொன்று 2015-இல் வெளிப்படுத்தியது. கற்பிப்பதாகச் சொல்லிக் கூலியை மறுப்பது கல்வியன்று.

இவற்றிற்கெல்லாம் அடிப்படையான குறை ஒன்றுளது. நம் நாட்டில் நகங்களைந்தும், முகம் மழித்தும், புண்ணுக்கு மருந்திட்டும், மகப்பேறு பார்த்தும் ஊருக்கு உழைத்த நாவிதர் குடியினரை நம் முன்னோர் இழிவாக நடத்தினர். பிறர் காலைத் தொடுவது தாழ்ந்த வேலையென்னும் எண்ணம் கற்றோர் நெஞ்சினின்றும் இன்னும் அகன்றிலது. அவ்வெண்ணமே, அத்தொழிலிற் கற்க ஒன்றுமில்லையென்னும் முடிவிற்கு நம்மைக் கொண்டு செல்கின்றது. கற்க ஒன்றுமில்லையென நாம் கருதுவதாலேயே மூன்று நாட்பயிற்சிகள் தழைக்கின்றன. அன்று யான் நகைத்தது என் மாணவியை இகழ்வதற்கன்று. ஆயினும் அந்நகைப்பினுள் அப்பழைய இகழ்ச்சி மறைந்திருந்தது என்பதை இன்று உணர்கின்றேன்.

மாணவ மாணவியரே! நும்முள் எவரேனும் இத்தொழிலை மேற்கொள்ள விரும்பின் நாணற்க. பட்டம் பெற்றவர் கைத்தொழில் புரிதல் பட்டத்திற்கு இழுக்கன்று, அத்தொழிலுக்கு நலமே. ஆசிரிய நண்பர்களே! நம்மிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளை எத்தொழிலைக் குறித்துக் கேட்பினும், "எங்கே, யாரிடம், எத்தனை மணி, எக்கருவி, எப்பொருள்?" என்று முதலிற் கேட்போமாக. இவ்வாண்டு மற்றொரு மாணவி இதே வினாவுடன் என்னிடம் வந்தாள். இம்முறை யான் நகைத்திலேன். இருவருமாக ஒரு தாளில் மேற்கூறிய கேள்விகளை எழுதினோம். அதனை எடுத்துக்கொண்டு அவள் நான்கு பயிற்சிச்சாலைகட்குச் சென்று வந்தாள். மூன்றில் விடை கிடைத்திலது. நான்காவதில் சேர்ந்துள்ளாள்.