பச்சை என்றால் எந்தப் பச்சை?

எங்கள் வீட்டில் ஒரு வயசான ஜீவன் உண்டு. 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்து, இங்கிலாந்தில் ட்ரயம்ப் என்ற பெயரில் பிறந்து, நம்ம சென்னையில் தயாரான கார். பானெட்டைத் தூக்கினால் முன்பக்கம் மொத்தமும் முதலை மாதிரி வாயைப் பிளக்கும்.

ஐம்பது வயசு தாண்டிய வண்டியை ஒரிஜினல் கோலத்தில் வைத்திருந்தால் 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம் என 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆசை யாரை விட்டது?

எனக்கு நினைவு தெரிந்து வண்டி வெள்ளை. ஆர்.சி. புத்தகத்திலோ பச்சை! (வெள்ளையடித்ததை அப்பா ஆர்.டி.ஓ.விடம் மூச்சே விடவில்லை போலிருக்கிறது.) சரி, எந்தப் பச்சை? கிளிப்பச்சை என்றார் அப்பா. "போதுமே, ராமர் பச்சை" என்றாள் அம்மா. இருவருக்கும் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயின்டர் பாய் சிரித்தார். "வெயில் பட்ட இடம் பொய் சொல்லும் சார்!" கதவு ரப்பர் பீடிங்கை உரித்தார். வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தார். வெள்ளை போச்சு, ப்ரைமர் போச்சு, அடியில் பிஞ்சு வெள்ளரிக்காய் நிறம்! அப்பா, அம்மா இருவரும் அவுட்.

அடுத்து விளக்கு. முன் பம்பரில் இரண்டு ஓட்டை. அங்கே மஞ்சள் ஃபாக் லேம்ப் ஜோடி இருந்ததாம். நான் காலேஜில் படிக்கும்போது திருட்டுப் போய்விட்டதாக அப்பா சொல்லியிருக்கிறார். சென்னையில் பனிமூட்டம் போகியன்றுதான் என்றாலும், புதுப்பேட்டையில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஒரு ஜோடி பிடித்தேன்.

எலெக்ட்ரீஷியன் தாழ்வாகவே மாட்டினார். உயரத்திலிருந்து அடித்தால் பனித்துளியில் பட்டு வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்புமாம். அப்புறம் கணக்குப் போட்டார். "55 வாட் பல்பு ரெண்டு, 12 வோல்ட். ஒன்பது ஆம்பியருக்கு மேல போகும். பழைய சுவிட்ச் தாங்காது, ரிலே வைக்கணும். சிக்னல்ல நின்னா அணைச்சிடுங்க. பழைய டைனமோ, ஐடிலிங்ல சார்ஜ் ஏறாது." மாசக் கடைசியில் நம்ம பர்ஸ் மாதிரிதான்.

விளக்கு எரிந்த அன்று அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேசவில்லை. அம்மாதான் உடைத்தாள்.

"திருட்டாவது மண்ணாவது! உன் பரீட்சை ஃபீஸுக்காக அதே புதுப்பேட்டையில வித்துட்டு வந்தார். வண்டியையே விக்கறதுக்குத்தான் வெள்ளையும் அடிச்சார். கடைசியில மனசு வரலை."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ரிசல்ட் வந்துடுச்சு. நீ ஃபெயில். ஏற்கெனவே அழுதுட்டிருந்தே, இது வேறயான்னு விட்டுட்டேன்."

அன்று ராத்திரி விளக்கை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. காலையில் பேட்டரி காலி. இந்தக் கடனைத் தள்ளுபடி பண்ண வழியில்லை. வண்டியையாவது தள்ளுவோமே என்று தள்ளினேன். உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா!