திரையில் ஒரு வாணவேடிக்கை

சென்ற வாரம் சிவகாசியில், காலண்டர் அச்சடிக்கும் அச்சுக்கூடம் ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே புரூப் பார்க்கும் பெரியவர் கம்ப்யூட்டர் முன் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். காரணமில்லாமல் இல்லை. திரையிலுள்ள ஜன்னலை நகர்த்தினால் அது ஜெல்லியைப் போல் ஆடுகிறது. மூடினாலோ தீப்பற்றி எரிந்து மறைகிறது! யாரோ ஓர் இளைஞர் லினக்ஸில் காம்பிஸ் என்னும் வித்தையை அமைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2006-ல் வெளிவந்த அந்த வித்தை பட்டாசு ஊருக்குப் பொருத்தந்தான். ஆனால் பெரியவருக்குத் தலை சுற்றுகிறதே!

அசைவே கூடாதென்று நாம் சொல்லவில்லை. பொத்தான் அழுந்துவதுபோல் தோன்றினால், வேலை நடக்கிறதென்று அறிந்து மறுமுறை அழுத்தாமல் இருப்போம். அதற்குக் கால் வினாடி போதும். மேலும் நீடித்தால் உபசாரம் உபத்திரவமாகிவிடும். 2013-ல் ஐபோனில் ஆப்பிள் கம்பெனி புகுத்திய அசைவுகளால் குமட்டல் வருகிறதென்று பலர் முறையிட்டார்கள். அவற்றைக் குறைத்துக்கொள்ள இப்போது வழியிருக்கிறது. காம்பிஸிலும் உண்டு.

நாம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தோம். பெரியவர் மெள்ளக் கண் திறந்து பார்த்தார்.

"ஜன்னல் சுருங்கிக் கீழ்ப் பட்டைக்குள் இறங்குகிறதே, அதை மட்டும் விட்டு வையுங்கள், வாத்தியார் ஐயா. எங்கே போகிறதென்று அதனால்தான் தெரிகிறது" என்றார்.