பொகவந்தலாவைக்கு வந்துசேர வேண்டிய கடிதம்



எருசலேமில் கூடிய முதற் சங்கத்தைத் திருத்தூதர் பணிகள் நூலின் 15ஆம் அதிகாரம் விவரிக்கின்றது. பிற இனத்தவராய் இருந்து மனந்திரும்பியோர் மோசேயின் சட்டத்தைக் கைக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா என்பதே அன்றைய பிணக்கு. நெடுநேரம் விவாதம் நடந்தது. பேதுரு பேசினார். பர்னபாவும் பவுலும் பேசியபோது திரண்டிருந்தோர் அமைதியாகச் செவிமடுத்தனர். யாக்கோபு தீர்வை முன்வைத்தார். மறையுரைகளில் நாங்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்கின்றோம். ஆனால் லூக்கா நிறுத்தவில்லை. தீர்மானம் கடிதமாக எழுதப்பட்டது. அதனை எடுத்துச்செல்ல யூதாவும் சீலாவும் தெரிந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் அந்தியோக்கியாவுக்குச் சென்று, மக்களைக் கூட்டி, கடிதத்தைக் கையளித்தனர். அது வாசிக்கப்பட்டபோது மக்கள் மகிழ்ந்தனர். எருசலேமில் தொடங்கிய கூட்டம் முடிவுற்றது அந்தியோக்கியாவில்தான்.

நம் காலத்திலும் திருச்சபை ஒரு பெருங்கூட்டத்தை நடத்தி, கடிதத்தையும் எழுதி முடித்துவிட்டது. அது பொகவந்தலாவைக்கு வந்துசேர்ந்ததா என்பதே இன்று உங்கள் முன் நான் வைக்கும் கேள்வி.

கூட்டம் என்றவுடன் நமது குடும்பங்களின் நினைவுக்கு முதலில் வருவது 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் நிகழ்ந்த திருப்பலியாகவே இருக்கும். திருத்தந்தை பிரான்சிஸ் அன்று யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். சிங்களத்திலும் தமிழிலும் மன்றாட்டுக்கள் ஒலித்தன. அன்று பிற்பகலே அவர் மடு அன்னையின் திருத்தலத்துக்குச் சென்று, போரில் நொந்துபோன மக்களோடு செபித்தார். கடற்கரைத் திடலில் நின்றவர்களுக்கும், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் குடும்பமாக அமர்ந்திருந்தவர்களுக்கும் அது மறக்கவியலாத நாள். நான் அதனைக் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், அத்தகைய கூட்டத்தில் மக்கள் வருகின்றனர், நிற்கின்றனர், பார்க்கின்றனர், ஆசீர் பெற்றுத் திரும்புகின்றனர். அவர்களிடம் யாரும் எதனையும் கேட்பதில்லை. மலையகத்திலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒருவருக்கு ஓர் இரவுத் தூக்கமும் ஒரு நாள் சம்பளமும் செலவாகும் என்பதும் அங்கு எண்ணப்படுவதில்லை.

அன்று பீடத்துக்கு உயர்த்தப்பட்டவரோ மக்களைத் தம்மிடம் வரச்சொன்னவர் அல்லர். 1687இல் ஏழை வேலையாளைப் போல உடையணிந்து இத்தீவுக்கு வந்தவர் அவர். தமிழும் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் வந்தபோது ஒற்றன் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்டவர்களின் அருகில் அமர்ந்து அவர்களைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். இன்று நமது மறைமாவட்டமாக இருக்கும் இம்மலைகளில் அவர் கால்நடையாகவே சென்றார்.

இப்போது நான் குறிப்பிட்ட பெருங்கூட்டத்துக்கு வருகின்றேன். 2021 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆயர் மாமன்றம் ஒன்றினைத் தொடங்கிவைத்தார். ஒன்றிப்பு, பங்கேற்பு, மறைப்பணி ஆகிய மூன்று சொற்கள் அதன் தலைப்பாயின. முதலில் உரோமையில் கூடவில்லை. பங்குகளிலும் மறைமாவட்டங்களிலும் மக்களிடம் கேளுங்கள் என்றார்கள். உலகின் 114 ஆயர் பேரவைகளுள் 112 தத்தம் நாட்டு மக்கள் கூறியவற்றைத் தொகுத்து அனுப்பின. 2023 பெப்ரவரியில் ஆசியாவின் 29 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ எண்பது பேர் பாங்கொக்கில் கூடினர். அவர்கள் தமது அறிக்கைக்கு ஓர் அழகிய உருவகத்தைக் கண்டெடுத்தனர்: வீட்டுக்குள்ளும் வழிபாட்டிடத்துக்குள்ளும் நுழையுமுன் காலணியைக் கழற்றும் ஆசிய வழக்கம். எரியும் முட்புதரின் முன் மோசே செய்ததும் அதுவே. மற்றவரின் வாழ்வு தூய நிலம்; அதன்மேல் மிதியடியோடு நடக்கலாகாது.

அதன்பின் 2023 அக்டோபரிலும் 2024 அக்டோபரிலும் உரோமையில் இரு அமர்வுகள் நடந்தன. மண்டபத்தில் வரிசை வரிசையாக இருக்கைகள் போடப்படவில்லை. வட்ட மேசைகள் போடப்பட்டன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். கர்தினாலுக்கு அருகில் ஆசிரியை, ஆயருக்கு அருகில் இளைஞர். ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் பேச வேண்டும். மறுத்துரைக்க எவரும் குறுக்கிடலாகாது. பின்பு மௌனம். அடுத்த சுற்றில், பிறர் பேசியதில் தம்மைத் தொட்டது எது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். மீண்டும் மௌனம். அதன்பிறகே ஒத்த கருத்தும் வேறுபட்ட கருத்தும் எழுதப்படும். ஆயர் மாமன்ற வரலாற்றில் முதன்முறையாக 54 பெண்கள் வாக்குரிமையோடு அமர்ந்தனர். 2024 அக்டோபர் 26இல் 155 பத்திகள் கொண்ட இறுதி ஆவணம் நிறைவேறியது. வழமையாக எழுதப்படும் திருத்தூது ஊக்கவுரையைத் தாம் எழுதப்போவதில்லை என்றும், இவ்வாவணமே போதுமானது என்றும் திருத்தந்தை அறிவித்தார். ஆறு மாதங்களுக்குள் அவரும் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் வந்த திருத்தந்தை பதினான்காம் லியோ அதே பாதையைத் தொடருகின்றார்.

பெண் திருத்தொண்டர் பற்றிய கேள்வி தீர்க்கப்படவில்லை என்பதே வெளிநாட்டுச் செய்தித்தாள்களில் பெரிதாக எழுதப்பட்டது. பெண்களைப் பற்றிய 60ஆம் பத்திக்கு எதிராக 97 வாக்குகள் விழுந்தன என்பதும் உண்மையே. அது சிறிய கேள்வி அன்று. ஆனால் நமக்கு மிக அருகில் வரும் பத்திகளை எவரும் பெரிதாக எழுதவில்லை. பங்குப் பேரவைகளும் நிதிக் குழுக்களும் பங்குத்தந்தை விரும்பினால் அமைப்பவையாக அன்றி, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்கிறது ஆவணம். அவற்றின் உறுப்பினருள் பெரும்பாலோர் பங்குத்தந்தையாலோ ஆயராலோ நியமிக்கப்படாது வேறு வழியில் தெரிவாக வேண்டும் என்கிறது. ஆண்டுதோறும் கணக்கு வெளிப்படையாக முன்வைக்கப்பட வேண்டும் என்கிறது. பெண்களும் இளையோரும் வறியோரும் அவற்றில் இடம்பெற வேண்டும் என்கிறது. இவை செபமாலைப் புத்தகத்தில் மடித்துவைக்கும் வாக்கியங்கள் அல்ல.

நான் என் குற்றத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மக்களிடம் கேளுங்கள் என்ற சுற்றறிக்கை வந்தபோது, நான் அன்று பணியாற்றிய பங்கில் வார நாள் ஒன்றில், மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தேன். ஆசிரியர்கள் வந்தனர், தோட்ட அலுவலக உத்தியோகத்தர் சிலர் வந்தனர், கடைவீதி வர்த்தகர் இருவர் வந்தனர். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியேனும் வரவில்லை. எப்படி வருவாள்? நான்கு மணிக்கு அவள் கொழுந்து நிறுவையில் நிற்கின்றாள். அதன்பின் பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும். வந்தவர்கள் சொன்னதை அழகாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பாராட்டும் கிடைத்தது.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டமொன்றில், ஞாயிறு பிற்பகல், லயத்தின் வாசலில் அமர்ந்து மறுபடியும் கேட்டது வெகு காலத்துக்குப் பின்னரே. உரோமையில் செய்தது போலவே வட்டமாக அமர்ந்தோம், மேசைதான் இல்லை. ஒவ்வொருவராகப் பேச வேண்டும் என்று விளக்கினேன். எவரும் வாய் திறக்கவில்லை. பின்பு ஓர் அம்மா, "சாமி, இந்தக் கூட்டத்துக்கு வந்தா பேர் போடுவாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தனர். தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கின்றேன்: 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. சொல்லப்பட்ட நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்படும் வரை அம்மக்கள் எத்தனை ஆண்டுகள் எத்தனை கூட்டங்களின் முடிவுக்காகக் காத்திருந்தனர் என்பதை எண்ணிப்பார்த்தால், அந்தக் கேள்வி வெறும் வேடிக்கையன்று என்பது புரியும். தமக்கு எந்தப் பதிவையும் தராத கூட்டங்களே அவர்கள் அறிந்த கூட்டங்கள்.

சிரிப்பு அடங்கியபின் இன்னொரு தாய் பேசினார். அவருடைய கணவர் இறந்தபோது குருவானவர் வரவில்லை. செபத் தலைவரே அடக்கச் சடங்கை நடத்தினார். "அதுக்கு நான் குறை சொல்லல சாமி. மண்ணு போட்டதுக்கப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல." வராத அந்தக் குருவானவர் நான்தான். அன்று நான் வேறோர் ஊரில், செவிமடுக்கும் திருச்சபை பற்றிய கருத்தரங்கில் இருந்தேன். விதிப்படி குறுக்கிட்டுப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த விதி எவ்வளவு நல்லது என்பதை அன்றே உணர்ந்தேன். இல்லாவிடில் நூறு நியாயங்கள் சொல்லியிருப்பேன்.

மலையக மக்களைப் பற்றி, அவர்கள் இல்லாத இடத்தில் பேசி முடிப்பது பழைய நோய். 1964 அக்டோபர் 30இல் புதுடில்லியில் இரு பிரதமர்கள் கையொப்பமிட்டனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம் என்று. பொகவந்தலாவையில் ஒரு லயத்தின் கதவையேனும் தட்டி, நீ எங்கே வாழ விரும்புகின்றாய் என்று யாரும் கேட்கவில்லை. அரசுகள் அவ்வாறு செய்ததைக் கண்டிக்கும் நாம், நமது பங்குப் பேரவையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பார்த்ததுண்டா?

திருச்சபை மக்களாட்சி மன்றமன்று என்று என் சகோதர குருக்கள் சிலர் சொல்வதுண்டு. ஒப்புக்கொள்கின்றேன். விசுவாசக் கோட்பாட்டைக் கையுயர்த்தித் தீர்மானிக்க முடியாது. ஆனால் திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை அவர்கள் மீண்டும் வாசிக்க வேண்டும். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு எழுந்தது. சிறுபான்மை மொழி, கைம்பெண்கள், பங்கீட்டில் புறக்கணிப்பு: நமக்கு அந்நியமான கதையா இது? திருத்தூதர்கள் கோபிக்கவில்லை, ஆறுதல் மொழி சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. மக்களைக் கூட்டி, எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு மக்களிடமே விட்டனர். தெரிவான எழுவரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறைப்பாடு செய்தவர்களின் பக்கத்திலிருந்தே பந்திப் பொறுப்பாளர்கள் வந்தனர். அதனால் திருத்தூதர்களின் அதிகாரம் குறைந்துவிட்டதாக லூக்கா எழுதவில்லை. கடவுளின் வார்த்தை மேன்மேலும் பரவியது என்றே எழுதுகின்றார்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். இறுதி ஆவணத்தை எங்கள் குருமனைகளின் அலமாரிகளில் வைத்திருப்பதால் பயனில்லை. அதிலிருந்து பங்குப் பேரவை, நிதி, பெண்கள் பற்றிய பத்திகளையேனும் எளிய தமிழில் எழுதி, ஞாயிறு திருப்பலியின் முடிவில், தோட்டச் சிற்றாலயங்களிலும் வாசிக்க வேண்டும். அந்தியோக்கியாவில் நடந்தது அதுவே. கூட்டத்தின் நேரத்தை, நிறுவை முடிந்து அடுப்பு மூட்டுகின்றவளின் நேரம் தீர்மானிக்க வேண்டும். பங்கின் வரவு செலவு, வாழை மரம் கட்டிய திருவிழாக் கணக்கு உட்பட, ஆலயக் கதவில் ஒட்டப்பட வேண்டும். தாம் மாதந்தோறும் தந்த காசு எந்தக் கூரைக்குப் போனது என்று கேட்கும் உரிமை அரைப்பேர் வாங்கியவளுக்கும் உண்டு. இதனை நான் குருக்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பேரவை ஆசனங்களைத் தந்தைக்குப் பின் மகன் என்று பல ஆண்டுகளாக வைத்திருக்கும் குடும்பத் தலைவர்களே, உங்களுக்கும் சொல்கின்றேன். எழுந்து இடம் கொடுங்கள்.

இதற்கு அவசரமும் உண்டு. மாமன்றத்தின் செயற்படுத்தற் கட்டத்துக்கான வழிகாட்டி 2025 ஜூலையில் வெளியாயிற்று. அதன்படி 2027ஆம் ஆண்டின் முதற்பாதியில் மறைமாவட்ட மதிப்பீட்டுக் கூட்டங்களும், பிற்பாதியில் தேசிய மட்டக் கூட்டங்களும், 2028 தொடக்கத்தில் கண்டக் கூட்டங்களும், 2028 அக்டோபரில் வத்திக்கானில் திருச்சபைப் பேரவையும் இடம்பெற வேண்டும். இலங்கைத் திருச்சபையும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து, கேட்டதைச் செய்தோமா என்று தன்னைத்தானே வினவ வேண்டும் என்பதே இதன் பொருள். அவ்வேளையில் மலையகத்தின் சார்பில் யார் போவது? ஆங்கிலம் அறிந்த, கொழும்புக்குப் போய்வரப் பழகிய அதே இரண்டு மூன்று பேரா? அல்லது கூடை சுமந்து தோள் காய்த்த ஒருத்தி, தன் மொழியில் பேச, அருகில் ஒருவர் மொழிபெயர்க்கவா? அவள் போவதானால் அவளுடைய ஒரு நாள் 'பேரை' யார் ஈடுசெய்வது என்பதையும் இப்போதே பேசிவைக்க வேண்டும். தீர்மானங்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு கணக்குகளில்தான் தடுக்கி விழுகின்றன.

கணவரை இழந்த அந்தத் தாயின் இல்லத்துக்கு மறுவாரம் சென்றேன். ஓராண்டு பிந்திய வருகை. சுவரில் அவருடைய கணவரின் படத்துக்கு அருகில் திரு இருதய ஆண்டவரின் படம். அதிகம் பேசவில்லை. உயர்தரத்தில் கற்கும் அவருடைய மகளிடம் ஆவணத்தின் சில பத்திகளைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் அவளே வாசிப்பாள். அது இம்மாத மூன்றாம் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, அதே லயத்தின் வாசலில். சாயத்தண்ணி தம் வீட்டில் என்று அந்தத் தாய் சொல்லியிருக்கின்றார்.