வெள்ளத்தைக் காட்டி, வெள்ளத்தில் நின்றவர்களுக்கே மறுப்பதா?

ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு. 2025 பொங்கலுக்குத் தமிழக அரசு கொடுத்த தொகுப்பு இவ்வளவுதான்; முந்தைய ஆண்டு கொடுத்த ஆயிரம் ரூபாய் ரொக்கம் இல்லை. பேரிடர்ச் செலவு கூடிவிட்டது, கேட்ட நிதியை மத்திய அரசு தரவில்லை என்று சட்டமன்றத்திலேயே காரணம் சொல்லிவிட்டார்கள். நிதி வராதது உண்மை. மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 38,000 கோடி ரூபாய் கேட்ட மாநிலத்துக்கு 276 கோடிதான் கிடைத்தது. அந்தக் கோபம் நமக்கும் உண்டு. ஆனால் அதே காரணத்தைச் சொல்லி, ஃபெஞ்சல் புயலில் வீட்டுச் சாமானையெல்லாம் தென்பெண்ணை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு நின்ற விழுப்புரத்துக் குடும்பத்துக்கும் சேர்த்து அந்த ஆயிரம் ரூபாயை நிறுத்தினார்களே, இது எந்த ஊர் நியாயம்?

வெள்ளம் தொடாத வீடுகளில், அந்த ஆயிரத்தை விட்டுக்கொடுக்க யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கூரை நிற்கிறது, குதிரில் நெல் இருக்கிறது, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று மனம் நிறைகிற நாள் பொங்கல். “உங்களுக்கான ஆயிரத்தைத் தென்பெண்ணைக் கரைக்காரர்களுக்குக் கொடுக்கப்போகிறோம், இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டிருந்தால் கோவையும் திருப்பூரும் தலையாட்டியிருக்கும். 2015இல் சென்னைக்கும் 2018இல் கஜா அடித்த டெல்டாவுக்கும், யாரும் உத்தரவு போடாமலே, லாரி லாரியாக அரிசியும் பாயும் போர்வையும் அனுப்பிய ஜனங்கள் இவர்கள். அவர்களிடம் கேட்கக்கூடத் தோன்றவில்லை கோட்டைக்கு. எல்லாருக்கும் நிறுத்திவிட்டால் கணக்கு சுலபம் என்று நிறுத்திவிட்டார்கள்.

ஃபெஞ்சல் புரட்டிப்போட்ட விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் நிலை தெரியாமல் எடுத்த முடிவு என்றும் சொல்வதற்கில்லை. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. அதை மக்கள் சமாளித்துக்கொண்டிருந்தபோதே, 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. கரையோர ஊர்களில் சம்பா நெல் மண்ணுக்கடியில் போனது. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய கரும்பு சாய்ந்து கிடந்தது. தொழுவத்தில் கட்டியிருந்த மாடுகள் போயின. இறந்த பசுவுக்கு 37,500 ரூபாய் என்று அறிவித்தார்கள், சரி. ஆற்றோடு போய் உடலே கிடைக்காத மாடு எந்தக் கணக்கில் ஏறும்? மாட்டுப் பொங்கலன்று அந்த வீட்டில் எந்தக் கொம்புக்கு வர்ணம் பூசியிருப்பார்கள்?

இத்தனைக்கும் சேர்த்து ஒரு குடும்ப அட்டைக்குக் கொடுத்த நிவாரணம் 2,000 ரூபாய். முந்தைய ஆண்டு மிக்ஜாமுக்குச் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் 6,000 கொடுத்த அதே அரசு இது. ஃபெஞ்சலுக்கே வருவோம்: அதே புயல், அதே மழை. எல்லை தாண்டினால் புதுச்சேரியில் 5,000. பாகூர்ப் பக்கம் போனால் ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகை, அந்தப் பக்கம் வேறு தொகை. 2,000 ரூபாயில் நனைந்த அரிசிக்கு ஈடு வாங்குவதா, பிள்ளைகளின் புத்தகம் வாங்குவதா, சேறேறிய மோட்டாரைப் பழுது பார்ப்பதா? குடும்ப அட்டையே இல்லாத இருளர் குடியிருப்புகளுக்கு அந்தத் தொகையும் எட்டாது. இவர்களுக்குத்தான் பொங்கல் பணமும் இல்லை என்றார்கள்.

பேரிடர் வந்த ஆண்டில் ரொக்கம் கொடுக்க முடியாது என்பதும் நிற்காத வாதம். கஜா அடித்து இரண்டே மாதத்தில் வந்த 2019 பொங்கலுக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தாமிரபரணிக் கரையே மூழ்கியதற்கு அடுத்த மாதம், 2024 பொங்கலுக்கும் கொடுத்தார்கள். அப்போது இருந்த மனம் 2025இல் எங்கே போயிற்று?

கோட்டையில் ஆட்சி மாறுகிறது; முடிவெடுக்கும் விதம் மாறவில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததில் நேர்ந்த தவறுகளைத் தணிக்கைத் துறைத் தலைவர் அறிக்கையே எடுத்துச் சொன்னது. ஒன்பது ஆண்டு கழித்துச் சாத்தனூரிலும் அதே நள்ளிரவு, எச்சரித்தோம் என்ற அதே பதில். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இருவேல்பட்டில் மக்கள் நெடுஞ்சாலையை மறித்து அமைச்சர் மீது சேற்றை வாரி வீசும் அளவுக்குப் போனது ஏன் என்று இதுவரை யாராவது உட்கார்ந்து யோசித்தார்களா? பொங்கல் தொகுப்பிலும் இவர்கள் சறுக்கியது முதல் முறை அல்ல. 2022இல் 21 பொருள் கொடுக்கிறோம் என்று கிளம்பி, உருகி ஓடிய வெல்லத்தை ஜனங்கள் தலையில் கட்டினார்கள். 2023க்குக் கரும்பை மறந்துவிட்டு அறிவித்தார்கள். அரசு வாங்கும் என்று நம்பிப் பயிர் வைத்த விவசாயிகள் தெருவுக்கு வந்த பிறகே கரும்பு சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவன் கத்தினால்தான் காது கேட்கிறது.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கு மட்டுமாவது அந்த முடிவைத் திருத்தியிருக்க வேண்டும். ஆயிரமாகவோ அதற்கு மேலாகவோ, பொங்கலுக்குள் இல்லாவிட்டால் தை முடிவதற்குள்ளாவது, ஏதேனும் ஒரு வழியில் பணம் அந்த மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அறிவித்ததை மாற்றினால் கௌரவம் குறையும் என்று யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. கரும்புக்காக மாற்றியவர்கள்தானே?