எட்டடி டிஷ்ஷும் எடைக்குப் போகும் இன்ஜினியரிங்கும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் போனா இன்னும் சில மொட்டை மாடிகளில் எட்டடி டிஷ் மல்லாந்து கிடக்கும். ஒரு காலத்தில் கேபிள்காரர் கெத்தா வச்சிருந்தது. இப்போ காக்கா உட்காருது, நாளைக்குப் பழைய இரும்புக் கடை. அதே ஊரில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து ரெடிமேடா வாங்குறான். எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அந்த டிஷ்ஷைத் திருப்ப மோட்டார் மவுண்ட் செய்யுங்கடான்னா, "அதெல்லாம் ஃபாரின் ஐட்டம் அண்ணே"ங்கிறான். யார்றா சொன்னது?

கணக்கு ரொம்பச் சின்னது. டிவி சாட்டிலைட் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் ஒரே வளையத்தில் நிற்கின்றன. மவுண்டின் அச்சை வடக்கு தெற்காக வைத்து, வடக்கு முனையை ஊரின் அட்சரேகை அளவுக்குத் தூக்கணும். சிவகாசிக்குச் சுமார் ஒன்பதரை டிகிரி. அப்புறம் டிஷ்ஷை மட்டும் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் கூடத் தெற்கே சாய்க்கணும். அவ்வளவுதான். 83 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-30-ல் இருந்து 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-17-க்குப் போக ஒரே ஒரு மோட்டார் போதும்.

இதையே பிரம்மாண்டமா செஞ்சு காட்டினது நம்ம ஊட்டியில்தான். முத்தோரையில் 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. சரிவும் அதே 11 டிகிரி இருக்கிற மலையா தேடிப் பிடிச்சாங்க. மலையே மவுண்ட்! ஒரே அச்சில் உருட்டி ஒன்பதரை மணி நேரம் வானத்தைப் பின்தொடரலாம். அன்னிக்கு ஃபாரின்ல ஆர்டர் போட்டுட்டா உட்கார்ந்திருந்தாங்க?

"டிடிஹெச் இருக்கே, இது எதுக்கு?" சீரியல் பார்க்க இல்லை சாமி. எட்டடி டிஷ்ஷில் 72 கிலோமீட்டர் வேகக் காற்று நேரா அடிச்சா நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். அதுக்குத் தாங்குற பேரிங், ஷாஃப்ட், அடித்தளம் எல்லாம் கணக்குப் போடணும். மோட்டார் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு ரீட் சுவிட்ச் எண்ணணும், மைக்ரோகன்ட்ரோலர் நிறுத்தணும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணு பேரும் சேர்ந்தாதான் டிஷ் நகரும். சாய்மானத்தைக் கொஞ்சம் மாத்தி, ஒரு குட்டி யுஎஸ்பி ரிசீவரும் ஏத்த ஆன்டெனாவும் போட்டா 1420 மெகாஹெர்ட்ஸில் நம்ம பால்வீதியின் ஹைட்ரஜனையே கேட்கலாம். எந்த ரெடிமேட் ப்ராஜெக்ட் இதைக் கத்துக்கொடுக்கும்?

அச்சு மெஷினுக்குப் பார்ட்ஸ் கடையுற லேத் பட்டறை இருக்கிற ஊர் இது. வெல்டிங்கைப் பட்டறையிலேயே முடிங்க, பட்டாசு ஆலைப் பக்கம் பொறி பறக்க விடாதீங்க. மற்றபடி தடை என்ன? கல்கத்தா போய்த் தொழில் கத்துக்கிட்டு வந்து 1920-களில் தீப்பெட்டி செஞ்சவங்க ஊர்க்காரங்களுக்கு "முடியாது"ன்னு சொல்ல வெட்கமா இல்லையா?

காலேஜ் நிர்வாகங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. இரும்புக் கடைக்காரர் கொடுக்கிற அதே எடைக்கு எடைக் காசைக் கேபிள்காரருக்குக் கொடுத்து ஆளுக்கு ஒரு டிஷ் வாங்கிப் போடுங்க. வைவாவில் புராஜெக்ட் புத்தகத்தைப் புரட்டாம, "திருப்பிக் காட்டு தம்பி"ன்னு கேளுங்க. திரும்பினா மார்க். இல்லேன்னா அடுத்த செமஸ்டர் பார்க்கலாம்.