சூடான சாம்பாரும் நெகிழிப் பையும்

நுரையீரல் நோய்ப் பிரிவில் பணியாற்றும் நாங்கள், இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையை வாயால் சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. செய்து காட்டுகிறோம், பிறகு நோயாளியையே செய்யச் சொல்லிப் பார்க்கிறோம். தலையசைப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு. சுற்றுச்சூழல் கல்விக்கும் இதுவே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டே கூறிவிட்டது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. இவற்றைப் பற்றிக் கேள்விப்படாதவர் அரிது. ஆயினும் காலையில் வார்டுக்குள் வரும் சூடான சாம்பாரும், ஏன், தேநீரும்கூட மெல்லிய நெகிழிப் பையில்தான் வருகின்றன.

குறை கூற இதனை எழுதவில்லை. நள்ளிரவில் மூச்சுத்திணறலுடன் தந்தையை அழைத்து வந்தவருக்குப் பாத்திரம் எடுத்துவர நினைவிருக்குமா? பாத்திரம் கழுவ இடமில்லாத தளத்தில் 'பாத்திரம் கொண்டு வாருங்கள்' என்று சுவரொட்டி ஒட்டுவதில்தான் என்ன பயன்? குழாயுடன் கூடிய ஒரு தொட்டி அதைவிட நன்றாகப் பாடம் நடத்தும்.

அறிவுரையைவிடக் காரணத்தைச் சொல்வதே நன்று. வெப்பமும் எண்ணெயும் சேரும்போது நெகிழியிலுள்ள வேதிப்பொருள்கள் உணவில் கலக்கக்கூடும். அந்தப் பையின் பின்கதையோ எங்கள் துறைக்கு இன்னும் நெருக்கமானது. பல ஊர்களில் அது குப்பையோடு சேர்ந்து தெருமுனையில் எரிகிறது. அப்புகையின் நுண்துகள்கள் மூச்சுக்குழாயை உறுத்திச் சுருங்கச் செய்கின்றன. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவருக்கு, சீராக மருந்து எடுத்துவந்தாலும், மீண்டும் மருத்துவமனைப் படுக்கைக்கு வர அந்தப் புகை ஒன்றே போதும். இதைப் படம் வரைந்து விளக்கும்போது உடனிருப்போர் கவனத்துடன் கேட்கின்றனர். அவர்களுடைய வீட்டு மூச்சைப் பற்றிய பேச்சல்லவா!

ஆகவே வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டை விளக்கும்போதே இதற்கும் இரண்டு நிமிடம் ஒதுக்க விரும்புகிறோம். வாங்கக் கூடாதவற்றின் பட்டியல் வேண்டாம். "அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உணவை எதில் கொண்டுவருவீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும், பதிலை அவரே சொல்லட்டும். தூக்குவாளியோ அடுக்குப் பாத்திரமோ இல்லாத வீடுகள் குறைவு. பழைய மருத்துவச் சீட்டுகளை இன்றும் திருமண வீட்டு மஞ்சப்பையில் பத்திரமாகக் கொண்டுவரும் முதியோரிடம், இதில் நாங்கள்தான் பாடம் கேட்க வேண்டும்.

தளந்தோறும் கழுவுதொட்டி வேண்டும் என்று நிருவாகத்திடம் கேட்க இருக்கிறோம். நீங்களும் கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதிப் போட்டால் எங்கள் கோரிக்கைக்கு வலுச் சேரும்.