இரண்டு சிம் போனும் ஒரு மதுரைக்காரரும்

2009-ம் வருடம். நான் ஏழாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தேன். செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள வல்லம்தான் எங்கள் ஊர். அப்பாவுக்கு இரண்டு சிம் போடும் போன் ஒன்று தேவைப்பட்டது. ஒரு கம்பெனி சிம்மில் பேசக் காசு குறைவு, ஆனால் எங்கள் நிலத்துப் பக்கம் சிக்னல் எடுக்காது. இன்னொரு கம்பெனிக்கு சிக்னல் உண்டு, காசு அதிகம். நெல் விலை கேட்டு செஞ்சி கமிட்டிக்குப் பேச ஒன்று, வெளியூர் வியாபாரி கூப்பிட ஒன்று என்று சட்டைப்பையில் இரண்டு போன்களோடு அலைந்து கொண்டிருந்தார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கடையில் போய்க் கேட்டபோது கடைக்காரர் சொன்னார்: "அந்த மாடலுக்கு இப்ப சரக்கு வரல அண்ணே. மதுரைக்காரர் ஒருத்தர் அது என்னோடதுன்னு கேஸ் போட்டுட்டாராம். கஸ்டம்ஸ்ல புடிச்சு வச்சிருக்காங்களாம்."

அப்பாவுக்குக் கோபம். எனக்கோ ஒரே சந்தோஷம். வெளிநாட்டுக் கம்பெனிகளை எல்லாம் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நிறுத்தி வைத்திருக்கிறார் என்றால் சும்மாவா! வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக் கொண்டு திரிந்தேன்.

இன்று நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். அந்த வழக்கைத் தேடி எடுத்துப் படித்த பிறகு, அன்றைக்கு அப்பாவின் கோபத்தில்தான் நியாயம் இருந்தது என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதை. மதுரையைச் சேர்ந்த ராம்குமார் என்பவர், ஒரே போனில் பல சிம் கார்டுகள் போடும் அமைப்புக்கு 2002-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தார். (பத்திரிகைகளில் காப்புரிமை என்ற சொல்லைப் புத்தகத்துக்கும் போடுகிறார்கள், கண்டுபிடிப்புக்கும் போடுகிறார்கள். இங்கே நான் சொல்வது கண்டுபிடிப்புக்கான பேடண்ட்.) 2008-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 214388. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் செல்லும் என்பதால், நிலைத்திருந்தால் 2022 வரை அவர் கையில் இருந்திருக்கும்.

அதற்கு முந்தைய வருடம், அதாவது 2007-ல், மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்திருந்தது. போலி சரக்கு நாட்டுக்குள் வராமல் இருக்க, டிரேட்மார்க், காப்புரிமை போன்றவற்றின் சொந்தக்காரர் சுங்கத் துறையிடம் பதிவு செய்து கொள்ளலாம். அவர் உரிமையை மீறும் சரக்கு வந்தால் அதிகாரிகள் நிறுத்தி வைக்கலாம். ராம்குமார் இந்த விதியைப் பயன்படுத்தினார். அப்போது நம் நாட்டுக்குள் வந்த இரண்டு சிம் போன்களில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வந்தவை. அவை சுங்கத்தில் மாட்டிக் கொண்டன. வழக்குகள் சென்னையிலும் டில்லியிலும் நடந்தன. ஸ்பைஸ், சாம்சங் போன்ற நிறுவனங்கள் அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கோரி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. 2012 ஜூனில் வாரியம் அதை ரத்து செய்தது.

இதில் என்னைத் தடுமாற வைத்த விஷயம் ஒன்று உண்டு. பின்லாந்தின் பெனிஃபோன் என்ற கம்பெனி 2000-லேயே 'ட்வின்' என்ற பெயரில் இரண்டு சிம் போன் ஒன்றை விற்பனைக்கு விட்டிருந்தது. ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் வேலை செய்யும் என்றாலும், இரண்டு சிம் என்ற யோசனை 2002-ல் புதியது அல்ல. புதிதாக இருக்க முடிந்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்கும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வழி மட்டும்தான். காப்புரிமை எப்போதும் அந்த வழிக்குத்தான் கிடைக்கும், யோசனைக்குக் கிடைக்காது. அந்த எல்லையைச் சொல்லும் பகுதிக்கு 'உரிமைக் கோரல்கள்' என்று பெயர். ஒரு போன் அந்தக் கோரலுக்குள் வருகிறதா, வெளியே நிற்கிறதா என்று பார்க்கப் போனைக் கழற்ற வேண்டும், சர்க்யூட் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும். போலி லேபிள் ஒட்டிய செருப்பைக் கண்டுபிடிப்பது போல் பெட்டியைத் திறந்து பார்த்துச் சொல்கிற காரியமா இது?

கோரல்கள் எப்படி எழுதப்படுகின்றன என்பதை நானே பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், காப்புரிமைக்கு யோசனை கொடுத்தால் சம்பளத்தோடு கொஞ்சம் பணம் தருவார்கள். நெட் விட்டு விட்டு வரும் இடத்தில் பைலை அனுப்புவதற்கு நான் எழுதிய சின்ன வழி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். முக்கால் பக்கம். வக்கீல் அதைப் பதினான்கு பக்கமாக்கித் திருப்பி அனுப்பினார். படித்துப் பார்த்தால் உலகத்தில் யார் எந்த பைலை அனுப்பினாலும் எனக்குக் காசு தர வேண்டும் போலிருந்தது! அவரைக் குறை சொல்லவில்லை. முடிந்த வரை அகலமாகக் கேட்பதுதான் அவர் வேலை. குறுக்குவது அலுவலகத்தின் வேலை. அலுவலகம் குறுக்கத் தவறினால் நீதிமன்றத்தில்தான் தெரியும். ஆகவே காப்புரிமைச் சான்றிதழை நான் பாதி முடிந்த பரீட்சை என்றுதான் நினைக்கிறேன். மீதிப் பாதியை எதிராளி எழுதுகிறார்.

அந்த மீதிப் பாதி முடிய மதுரை வழக்கில் நான்கு வருடம் ஆனது. சரக்கு நின்ற நாட்களின் நஷ்டத்தை யார் கொடுத்தார்கள்? பெரிய கம்பெனிக்கு வக்கீல் உண்டு. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சிறிய இறக்குமதியாளருக்கும், செஞ்சிக் கடைக்காரருக்கும், இரண்டு போனோடு திரிந்த அப்பாவுக்கும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

சான்றிதழைக் காட்டி விற்பனையை நிறுத்துவது சுங்கத்தில் மட்டும் நடப்பதல்ல. கம்ப்யூட்டர் பத்திரிகையில் பைக் எதற்கு என்று நினைக்காதீர்கள், ஓசூர் கதை ஒன்றும் இருக்கிறது. டிவிஎஸ் கம்பெனியின் 'ஃபிளேம்' பைக்கில் இரண்டு ஸ்பார்க் பிளக் இருப்பது தன் காப்புரிமையை மீறுகிறது என்றது பஜாஜ். சென்னை உயர் நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் இடைக்காலத் தடை போட்டது. 2009 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. புது பைக்குக்கு அந்தப் பதினைந்து மாதம்தான் உயிர். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2009 செப்டம்பரில் அங்கே சொன்னது எனக்குப் பிடித்தது: டிவிஎஸ் விற்கலாம், ஆனால் விற்றதற்குச் சரியான கணக்கு வைத்திருக்க வேண்டும். இந்த மாதிரி வழக்குகளைத் தினமும் விசாரித்து, சாதாரணமாக நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. இரு கம்பெனிகளும் கடைசியில் சமரசம் செய்து கொண்டது 2019-ல். நான்கு மாதம் என்று சொல்லிப் பத்து வருடம்!

சியோமி விஷயத்திலும் இதே வழி வந்தது. எரிக்சன் தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் சியோமி போன்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே, குவால்காம் சிப் உள்ள போன்களை மட்டும் ஒரு போனுக்கு 100 ரூபாய் வீதம் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு விற்கலாம் என்று தளர்த்தியது. வழக்கில் யார் ஜெயித்தாலும் அந்த 100 ரூபாய் பத்திரமாக இருக்கும், வாங்குபவருக்கும் போன் கிடைக்கும். என் கருத்தும் இதுதான். தகராறு முடியும் வரை பணத்தைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள், சரக்கை நிறுத்தாதீர்கள்.

சரி, தனி மனிதர் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 ஜூனில் அரசு அந்தச் சுங்க விதியிலிருந்து காப்புரிமையை எடுத்துவிட்டது. இன்னொரு மதுரைக்காரர் வந்தால், அதுவும் உண்மையிலேயே புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவராக வந்தால், அவர் நேராக நீதிமன்றம் போக வேண்டும். எரிக்சனிடம் பணம் இருக்கிறது, காத்திருக்க முடியும். லாவா கம்பெனிக்கு எதிராக 2024 மார்ச்சில் 244 கோடி ரூபாய் நஷ்ட ஈடு வாங்கும் வரை ஏறக்குறைய ஒன்பது வருடம் காத்திருந்தது. தனி ஆளுக்கு அது முடியுமா? முடியாது. ஆனாலும் அந்த மாற்றம் சரி என்றே சொல்வேன். அவருக்கு உதவ வேண்டும் என்றால் அந்த நான்கு மாதக் கெடுவை நிஜமாக்க வேண்டும். கட்டி வைக்கும் பணம் முதல் மாதமே தொடங்கினால், எதிராளிக்கும் இழுத்தடிக்க ஆசை வராது.

எங்களைப் போல் புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு சிறு நிம்மதி உண்டு. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. 2004 கடைசியில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-ல் பாராளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. அமெரிக்காவில் அமேசான் ஒரே கிளிக்கில் பொருள் வாங்கும் வழிக்கு 1999-ல் காப்புரிமை வாங்கி, அதே வருடம் பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்டது. பட்டனை இரண்டு தடவை அழுத்த வைத்தால் தப்பிக்கலாம் என்ற நிலைமை! அந்தத் தொல்லை நமக்கு அவ்வளவாக இல்லாததற்கு அந்த 3(கே)தான் காரணம்.

ஆர்வம் உள்ளவர்களுக்கு: இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணைய தளத்தில் 'இன்பாஸ்' என்ற தேடும் வசதி இலவசமாக இருக்கிறது. யார் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். தலைப்பைப் பார்த்துப் பயப்படாமல், உரிமைக் கோரல்களில் முதல் கோரலை மட்டும் படியுங்கள். வெளியிடப்பட்ட விண்ணப்பம் ஏதாவது ஏற்கெனவே இருக்கும் பொருளைக் கேட்கிறது என்று தெரிந்தால், காப்புரிமை கொடுப்பதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். அதற்கு இன்ஜினியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

அப்பா கடைசியில் 2010-ல்தான் அந்த மாதிரி போன் வாங்கினார். அதே செஞ்சிக் கடையில்தான்.